கிட்னி மாற்றி ஐந்து மாதம்: கணவர் மாத்திரையை விட்டுவிடுகிறார், என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதுகிறார். ரத்தக் கொதிப்பால் இரண்டு கிட்னியும் செயலிழந்து, இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்தோம். ஐந்து மாதத்துக்கு முன் அவருடைய அக்கா ஒரு கிட்னி கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கடைசியாகப் பார்த்தபோது கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும் எண்) 1.2. நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். போன வாரம் மருந்துப் பெட்டியைத் துடைத்து வைத்தபோது, புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் அட்டையில் இருக்க வேண்டியதைவிட ஏழெட்டு மாத்திரை கூடுதலாக இருந்தது. கேட்டால், "அக்கா கிட்னிதானே, என் ரத்தம்தானே, ஒன்றிரண்டு விட்டுப்போனால் என்ன?" என்று கோபப்படுகிறார். கை நடுங்குகிறது, பேனா பிடிக்க முடியவில்லை என்றும் சொல்கிறார். அடுத்த வாரம் முதல் ஆலைக்குப் போகப்போவதாகப் பிடிவாதம். ஊரில் கோயில் கொடை வருகிறது. உறவினர் ஒருவர் கிட்னிக்கு நல்லது என்று கஷாயப் பொடி கொடுத்திருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்தால் அவர் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. மாத்திரை விஷயத்தை ஆஸ்பத்திரியில் சொன்னால் திட்டுவார்களோ என்று எனக்குப் பயம். நான் என்ன செய்வது?
— தென்காசி மாவட்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகச் சொன்ன பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே உங்கள் மருத்துவமனையின் உறுப்பு மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து, "சில வேளை மாத்திரை விட்டுப்போயிருக்கிறது, கை நடுக்கமும் இருக்கிறது, எப்போது வரலாம்?" என்று கேளுங்கள். மாத்திரை விட்டுப்போவது நாங்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம்தான். அதைக் கேட்டுக் கோபப்படுகிற மருத்துவர்கள் இருக்கலாம். ஆனால் தெரியாமல் போனால் வரும் கெடுதல் அந்தக் கோபத்தைவிடப் பெரியது.

அந்தக் கெடுதல் எப்படி வரும் என்று சொல்கிறேன். டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது அளந்து பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறோம். அவர் மாத்திரையை விடுகிறார் என்று மருத்துவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அளவு குறைவாக வரும். "இந்த டோஸ் போதவில்லை போலிருக்கிறது" என்று அவர் கூட்டி எழுதுவார். கூடுதல் மாத்திரையால் நடுக்கம் அதிகமாகும். நடுக்கம் அதிகமானால் உங்கள் கணவர் இன்னும் இரண்டு வேளை விடுவார். அளவு மறுபடியும் ஏறி இறங்கும். இப்படி ஏறி இறங்குவதே புதுக் கிட்னிக்கு ஆகாது. இன்னொரு விதமும் உண்டு. ரத்தம் கொடுக்கப் போவதற்கு முந்தின இரண்டு மூன்று நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் ரிப்போர்ட் அழகாக வந்துவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருப்போம், உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. அதனால் ரிப்போர்ட்டோடு உங்கள் வாய்வார்த்தையும் மருத்துவருக்குத் தேவை.

இப்போது நடுக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கணவர் சோம்பலால் மாத்திரையை விடவில்லை. கணக்கு எழுதிப் பிழைத்தவர். இரண்டு வருடம் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்து, ஆபரேஷன் முடிந்து எழுந்து வந்து, பேனாவை எடுத்தால் எண்கள் கோணல்மாணலாகப் போகின்றன. அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! காலை மாத்திரையைப் போட்ட நாளில் நடுக்கம் கூடுதல், விட்ட நாளில் குறைவு என்று அவரே கவனித்திருப்பார். கவனித்தது சரிதான். டாக்ரோலிமஸ் போட்டுக்கொண்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். விரல் நடுக்கமும் அந்த நேரத்தில்தான் அதிகம். ஆக, அவர் கண்டுபிடித்த காரணம் சரி, எடுத்த வழிதான் தவறு. நடுக்கத்தைக் குறைக்க ஆபத்தில்லாத வழிகள் இருக்கின்றன. அவர் யாரிடமும் சொல்லாததால் அவை அவருக்குக் கிடைக்கவில்லை.

முதல் வழி, ரத்தத்தில் அளவு தேவைக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் அளவை வேண்டுமென்றே கொஞ்சம் உயர்வாக வைத்திருப்போம், அப்புறம் படிப்படியாகக் குறைப்போம். ஐந்தாவது மாதத்தில் பலருக்குக் குறைக்க இடம் இருக்கும். அப்போது நடுக்கமும் தானாகத் தணியும். மெக்னீசியம் குறைந்திருந்தாலும், சர்க்கரை தாறுமாறாக இருந்தாலும் நடுக்கம் கூடும். இந்த மாத்திரையும், எதிர்ப்பை அடக்க இதோடு கொடுக்கிற ஸ்டீராய்டும் சேர்ந்து, முன்பு சர்க்கரையே இல்லாதவருக்கும் சர்க்கரை வரவைக்கலாம் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதே மருந்து மெதுவாகக் கரைகிற மாதிரி, நாளுக்கு ஒரே வேளை போடுகிற வகையிலும் கிடைக்கிறது. அதில் உச்சம் அவ்வளவு எகிறாது, சிலருக்குக் கை நன்றாக நிதானப்படும். எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மாற்றினால் மறுபடி ரத்தத்தில் அளந்து சரிபார்க்க வேண்டும், செலவும் மாறலாம். மருந்துக் கம்பெனியை மாற்றினாலும் அதே எச்சரிக்கை வேண்டும். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று வேறு அட்டையைக் கொடுத்தால் வாங்கி வந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் முடிவாகும் வரை ஒரு சின்ன ஏற்பாட்டைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் இப்போது காலை எட்டு மணிக்குப் போடுகிறாரா, ஒன்பது மணிக்கா என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பது மணிக்கு என்றால், பேரேட்டைத் திறக்கிற நேரத்தில்தான் கை அதிகம் நடுங்கும். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளையையும் முன்னால் தள்ளிக்கொண்டால், ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் உச்சம் தாண்டிவிடும். நுணுக்கமான எழுத்து வேலையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு வேளைக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்பது முக்கியம். எந்த நேரம் என்பதை அவர் வேலைக்குத் தக்கபடி அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக, சில மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுக்கொள்ளச் சொல்வோம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ரத்தம் எடுக்கப் போகும் காலையில் டாக்ரோலிமஸ் போடாமல் போக வேண்டும், ரத்தம் எடுத்த கையோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மாத்திரையைக் கையில் கொண்டுபோங்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து போடுவதற்குள் மதியம் ஆகிவிடும்.

"அக்கா கிட்னிதானே" என்கிறாரே, அதற்கு அவருக்கே நேராகப் பதில் சொல்ல விரும்புகிறேன். அடுத்த இரண்டு பத்திகளை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

உலகில் முதன்முதலாக வெற்றி பெற்ற கிட்னி மாற்றம் 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அந்த உடம்புக்கு இந்தக் கிட்னி வேறு ஆள் என்று அடையாளம் தெரிய வழியில்லை, அதனால்தான் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை இல்லாமலே அது வேலை செய்தது. அந்த அறுவை சிகிச்சையைச் செய்த ஜோசப் முர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அக்காவும் தம்பியும் அப்படி இல்லை. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று திசு அடையாளங்கள் வருகின்றன. எந்தப் பாதி யாருக்கு என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறும். கூடப் பிறந்தவர்களில் நான்கில் ஒரு வாய்ப்பு முழுப் பொருத்தத்துக்கு, இரண்டு வாய்ப்பு பாதிப் பொருத்தத்துக்கு, மீதி ஒன்றில் எதுவுமே ஒத்துப்போகாது. முழுப் பொருத்தம் இருந்தாலும் மாத்திரை தேவை, ஏனென்றால் பரிசோதனையில் பார்க்காத சின்னச் சின்ன வித்தியாசங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்றம் நடந்தது. அந்தக் காலத்தில் எதிர்ப்பை அடக்க மருத்துவர்கள் கையில் இருந்தவை அசாதயோப்ரின் என்ற மருந்தும் ஸ்டீராய்டும்தான். உங்கள் கையில் இருக்கிற டாக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானில் ஒரு மண் நுண்ணுயிரியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் இன்று பத்து, பதினைந்து வருடம், அதற்கும் மேல் நல்லபடியாக இருப்பதில் இந்த மாதிரி மருந்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் உடம்பின் வெள்ளை அணுக்கள் அக்காவின் கிட்னியை ஒருநாளும் மறக்காது. மருந்து இருக்கிறவரை அடங்கியிருக்கும். மருந்தின் அளவு அடிக்கடி இறங்கினால், அந்தக் கிட்னிக்கு எதிராகவே எதிர்பொருள்களை உண்டாக்க ஆரம்பிக்கும். அவை ஒருமுறை உருவாகிவிட்டால் முழுவதும் அழிப்பது கஷ்டம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். வலி இருக்காது. சிறுநீர் வழக்கம்போல் போகும். கிரியேட்டினின் ஏறும்போது உள்ளே கணிசமான சேதம் ஆகியிருக்கும். இன்னொரு கிட்னி தேட வேண்டிய நிலைமை வந்தாலும், அந்த எதிர்பொருள்களே பொருத்தமானவர் கிடைக்காமல் செய்துவிடும். ஏழெட்டு மாத்திரை விட்டதால் எல்லாம் போய்விட்டது என்று சொல்லவில்லை. இப்போதே பிடித்துவிட்டால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய கட்டத்தில்தான் இருப்பீர்கள். 1.2 என்பது நல்ல எண். அதை அப்படியே வைத்திருக்கத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, சகோதரி, மறுபடி உங்களிடம் வருகிறேன். தினமும் மாத்திரையை எண்ணிப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்வார். "நடுக்கத்தைப் பற்றி டாக்டரிடம் பேசப் போவோம்" என்று ஆரம்பியுங்கள். அது அவருடைய குறை, அதைத் தீர்க்க நீங்கள் கூட வருகிறீர்கள் என்று அவருக்குப் படட்டும். கிழமை போட்ட மாத்திரை டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அவரே வாரத்துக்கு நிரப்பட்டும். செல்போனில் இரண்டு அலாரம் வைத்துவிடுங்கள். மாத்திரையை விடுவதற்குப் பணமும் ஒரு காரணமாக இருந்தால், அதையும் ஒருங்கிணைப்பாளரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அரசுக் காப்பீட்டிலும் அரசு மருத்துவமனை வழியாகவும் என்ன உதவி கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அக்காவோடு பேசாமல் இருப்பதைப் பற்றி. இது நன்றிகெட்டதனம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அந்தப் பேச்சை உடனே நிறுத்துங்கள். உயிரோடு இருப்பவரிடமிருந்து உறுப்பு வாங்கிக்கொண்டவர்களில் பலருக்கு இந்தச் சங்கடம் வருகிறது. திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை வாங்கிவிட்டோம் என்ற கூச்சம் அது. அக்கா குனிந்து எதையாவது எடுத்தால்கூட, "என்னால்தானே" என்று நெஞ்சு இடிக்கும். வருகிற சொந்தமெல்லாம் "அக்கா கொடுத்த உயிர்டா, ஞாபகம் வச்சுக்கோ" என்று வேறு சொல்லியிருப்பார்கள். அப்புறம் எப்படி முகம் கொடுத்துப் பேசுவார்? "அக்கா கிட்னிதானே, என்ன ஆகும்" என்று அவர் அலட்சியமாகச் சொன்னதிலும் இந்தப் பாரத்தின் சாயல் எனக்குத் தெரிகிறது. இதோடு ஸ்டீராய்டும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். முகம் உப்பியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கண்ணாடி பார்ப்பதே அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். டோஸ் குறையக் குறைய அதுவும் வடியும்.

அக்கா வரும்போது கிட்னிப் பேச்சை எடுக்காமல் இருந்து பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு, வயல், ஊர்க்கதை என்று பேசட்டும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் போதும், நன்றி சொல்லும் சடங்கு வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், யாரோடும் ஒட்டாமல், தூக்கம் கெட்டு இருந்தால் மாற்று சிகிச்சை மருத்துவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். மனத்துக்கான சில மாத்திரைகள் டாக்ரோலிமஸோடு மோதும் என்பதால், மாற்று சிகிச்சை மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

கஷாயப் பொடியை எடுத்து அப்புறப்படுத்துங்கள். கொடுத்தவர் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார், அவரிடம் சண்டை வேண்டாம். அதில் என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சில மூலிகைகள் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும், சில இறக்கிவிடும், சில கிட்னியையே நேராகத் தாக்கும். பம்பளிமாஸ் பழமும் இந்த மாத்திரையின் அளவை ஏற்றும், அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை அறவே கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் இந்த ஒற்றைக் கிட்னிக்கு ஆகாது. காய்ச்சலுக்கு, சளிக்கு, தேமலுக்கு என்று வேறு மருத்துவரிடம் போனால், கிட்னி மாற்றியவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சில ஆன்டிபயாடிக்குகளும் பூஞ்சை மாத்திரைகளும் இரண்டு மூன்று நாளில் அளவைத் தலைகீழாக்கிவிடும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் குறையாது, ஏறும். அதனால் ஒரு நாளைக்கு மேல் பேதி நீடித்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆலைக்குப் போகலாமா? ஐந்து மாதம் ஆகிவிட்டது, ரிப்போர்ட்டும் நன்றாக இருந்தால் கணக்கு எழுதும் வேலைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேலைக்குப் போவது அவர் மனசுக்கும் நல்லது. ஆனால் அது எந்த மாதிரி ஆலை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உமித் தூசியிலும், ஈரம் பட்டுப் பூத்துப்போன நெல்லிலும், அடியில் மக்கிய சாக்கிலும் பூஞ்சை வித்துகள் நிறைய இருக்கும். நமக்கு ஒரு தும்மலோடு போய்விடும். எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருப்பவருக்கு நுரையீரலில் போய் வேர்விடலாம். எலி இருக்கிற இடம் என்றால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. அவருடைய மேசை அரவை நடக்கிற கூடத்திலிருந்து தள்ளி, கதவு மூடக்கூடிய அறையில் இருக்க வேண்டும். முதலாளியிடம் நீங்களே போய்க் கேட்கலாம், தப்பில்லை. குடோனுக்குள் போய்ச் சரக்கு சரிபார்க்கும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். கூடத்தைக் கடக்க நேர்ந்தால் என்95 முகக்கவசம் போட வேண்டும், துணிக் கவசம் இந்தத் தூசிக்குப் போதாது. மூட்டை தூக்குவது இப்போதைக்கு வேண்டாம். புதுக் கிட்னி அடிவயிற்றில், தோலுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. மூட்டை முனை இடித்தாலும் பைக்கில் விழுந்தாலும் அடி நேராக அதன்மேல் படும். பழைய கிட்னி இருந்த மாதிரி விலா எலும்பின் பாதுகாப்பு அதற்கு இல்லை.

தண்ணீர் விஷயம் ஒன்று. டயாலிசிஸ் நாட்களில் ஒரு டம்ளர் தண்ணீரைக் காலையில் பாதி, மாலையில் பாதி என்று அளந்து குடித்தவர்கள், கிட்னி மாற்றிய பிறகும் தாகத்தை அடக்கியே பழகியிருப்பார்கள். டம்ளரை வாயில் வைத்து இரண்டு மடக்கோடு கீழே வைத்துவிடுவார்கள். இப்போது அவருக்கு நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தேவை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஒரு லிட்டர் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்து ஊற்றிக் கொடுத்து, மதியத்துக்குள் காலியாகிறதா என்று பாருங்கள். ஆலைப் பானையிலிருந்து குடிக்க வேண்டாம்.

கொடைக்கு என்னுடைய யோசனை இது: கும்பிட்டுவிட்டு வரலாம், கூட்டத்தில் நிற்க வேண்டாம். அதிகாலையில், ஆட்கள் சேர்வதற்கு முன் முகக்கவசத்தோடு போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்பட்டும். தீர்த்தம் வாயில் விட வேண்டாம், தலையில் தெளித்துக்கொண்டால் போதும். பந்தியில் எப்போது சமைத்தது என்று தெரியாத சோற்றைத் தவிர்த்து வீட்டில் சுடச்சுடச் சாப்பிடலாம். மாத்திரையைத் தள்ளிப்போடுகிற விரதம் எதுவும் கூடாது. ஆற்றிலும் அருவியிலும் குளிப்பதை முதல் வருடம் முடியும் வரை மறந்துவிட வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள் வந்தால், முன்னதாகவே அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் சொட்டு மருந்தில் உயிருள்ள கிருமி இருக்கிறது, குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், சிறுநீர் குறைந்தால், இரண்டு நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால், கிட்னி வைத்த இடத்தில் வலித்தால், ராத்திரி என்றாலும் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கையில் ரத்தம் எடுக்கவும் பி.பி. பார்க்கவும் யாரையும் விடாதீர்கள்.

கடைசியாக உங்கள் நாத்தனாரைப் பற்றி. கடிதத்தில் அவருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் நிலைமையில் அது புரிகிறது, ஆனாலும் அவரையும் கவனிக்க வேண்டும். மிஞ்சியிருக்கும் ஒரு கிட்னி கொஞ்சம் பெருத்துக் கூடுதல் வேலையை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை பி.பி., சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் மூன்றையும் வாழ்நாள் முழுவதும் பார்த்தாக வேண்டும். கொடுத்தவர்கள் ஆபரேஷன் தையல் ஆறியதும் மருத்துவமனைப் பக்கமே வராமல் போய்விடுவது என்னை ரொம்ப வருத்தப்படுத்துகிற விஷயம். முழங்கால் வலிக்கு அவர் வலி மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள், அவருக்கும் அது ஆகாது. உங்கள் கணவருக்கு ரத்தம் எடுக்கும் நாளிலேயே அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். மூவரும் ஒரே பஸ்ஸில் போய்வரலாம்.